வயரைப் பிடுங்கிய பிறகும் தீர்ந்த பேட்டரி

மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் நடந்து வருவதற்கென்று கேட்டிருந்த பாட்டு பேஸ் கிட்டாரில்தான் தொடங்கும். டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது, தொடக்கத்தில் நான் மட்டும்தான். முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் சத்தம் தொண்டை கட்டியது போல் கரகரத்தது. மூன்றாவது சுற்றில் என் விரல் கம்பியைத் தட்டுகிறது, ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. காத்தோங் பக்கத்து மண்டபத்தில் அவ்வளவு பேர் முன்னால் நான் ஊமைப்படம் காட்டிக்கொண்டு நின்றேன்.

கீபோர்டு வாசிக்கும் தம்பிதான் காப்பாற்றினார். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர், எங்கள் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சட்டென்று இடது கையைக் கீழ்க்கட்டைகளில் வைத்து என் பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டார். வந்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் குழுவை நடத்தும் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் திரும்பி முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியின் இடது கையைப் பார்த்தார். அந்த இரண்டாவது பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இப்படி ஆனது இது முதல் தடவையும் இல்லை. அதுதான் வினை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது ஆக்டிவ் பேஸ். முதுகில் ஒரு சின்ன மூடி, அதற்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி. கம்பியின் அதிர்வை உள்ளே இருக்கும் சர்க்யூட் ஊக்கி அனுப்பும். அதனால்தான் அதன் ஓசை நெஞ்சில் வந்து இடிக்கும். ஆனால் இதற்கு ஆன், ஆஃப் என்று தனி சுவிட்ச் கிடையாது. வயரைச் சொருகினால் ஆன், பிடுங்கினால் ஆஃப். வாசித்து முடித்துவிட்டு வயரோடு சாத்தி வைத்தால், ஒரு கம்பியைக்கூடத் தொடாவிட்டாலும் அது பாட்டுக்குப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒழுங்காகப் பிடுங்கி வைத்தால் ஒரு நல்ல ஆல்கலைன் பேட்டரி மாதக்கணக்கில் தாங்க வேண்டும். எனக்கோ ஒரு பௌர்ணமிக்கு மாற்றினால் அடுத்த பௌர்ணமி வரை தாங்கவில்லை.

சாமான்களை வேனில் ஏற்றும்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, வயரைப் பிடுங்கி வைக்கணும்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"பிடுங்கிட்டுத்தான்ணே வைக்கிறேன்."

"பிடுங்கினா எப்படிம்மா சாகும்? பேட்டரி என்ன, தானா எழுந்து ஊர் சுத்திட்டு வருதா?"

"அது எனக்குத் தெரியலைண்ணே. ஆனா நான் பிடுங்குறேன்."

"சரி, விடு லா," என்றவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் பாட்டு வரும், தாளம் வரும். இந்த வயரு, மெஷினு, அதெல்லாம் கொஞ்சம் கஷ்டம்தான்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருக்கிறேன், நான் பொம்பளைப் பிள்ளையாம்! வாயைத் திறப்பதற்குள் அவரே முடிவையும் சொல்லிவிட்டார்.

"அடுத்து வர்ற தோ பாயோ கல்யாணத்துக்குத் தம்பியே லெஃப்ட் ஹேண்ட்ல பேஸ் போடட்டும். ரிஸ்க் வேணாம். நீயும் வா, கோரஸ் பாடு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பார்ப்போம்."

அண்ணனின் 'பார்ப்போம்' எனக்கு நன்றாகத் தெரியும். குழுவில் முன்பு டிரம்பெட் வாசித்தவரிடமும் அதைத்தான் சொன்னார். இப்போது அவருடைய இடத்தில் கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது.

இது போனால் எனக்கு என்ன போகிறது என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். சொல்லத் தெரியாமல் அவரிடம் எரிந்து விழுந்தேன். பாலிடெக்னிக் படிக்கும்போது கற்றுக்கொண்ட வாத்தியம் இது. கல்யாணம், பிள்ளைகள், கப்பல் கம்பெனியில் ஆபீஸ் வேலை என்று அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நாற்பது தாண்டிய பிறகு வெளியே இழுத்துத் தூசி தட்டி, விரல் நுனி கொப்பளிக்க மறுபடி பழகினேன். எத்தனையோ குழுக்களிடம் கேட்டுப் பார்த்தேன். "பேஸுக்கு ஆள் இருக்காங்க, நீங்க பாடுவீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இந்த அண்ணன் ஒருவர்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "வெள்ளிக்கிழமை வந்துடு," என்றார், அவ்வளவுதான். அந்த மனுஷன் வாயிலிருந்தே 'பார்ப்போம்' வந்தால் எனக்கு வலிக்குமா வலிக்காதா? இந்த ஊரில் இன்னொரு குழு என்னைக் கூப்பிடப் போவதில்லை. இந்த இடம் போனால் கிட்டார் மறுபடி கட்டிலுக்கு அடியில்தான்.

விடுவதாக இல்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். ஊரே சேர்ந்து நீதான் மறந்தாய் என்று சொன்னால், நமக்கே ஒரு நிமிஷம் மண்டை குழம்பத்தான் செய்யும். அதனால் வயரைப் பிடுங்கும்போதெல்லாம், ரயிலில் அடுத்த நிலையம் எது என்று அறிவிப்பது போல, "பிடுங்கியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கிளமெண்டி வீட்டில் பயிற்சி முடித்து நான் இப்படிச் சொல்வதும், சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் "கதவுகள் மூடப்படுகின்றன" என்று பதில் கொடுப்பதும் வாடிக்கையாகிவிட்டது. சிரிக்கட்டும் என்று விட்டேன். வெறும் துளையைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பவும் செய்தேன். "அக்கா, நான் உங்களை நம்புறேன்க்கா. எனக்கு உங்க பேஸை வாசிக்கவே இஷ்டமில்லை. அண்ணன் சொல்றாரேன்னுதான்," என்று எழுதியிருந்தார். நல்ல பிள்ளை. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, அது இன்னொரு கடுப்பு.

அப்படியெல்லாம் செய்தும் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

சிட்டி ஹால் பக்கம் ஒரு பழைய ஷாப்பிங் சென்டரில் கிட்டார் பழுது பார்க்கும் சீன அங்கிள் ஒருவர் இருக்கிறார். மதிய உணவு நேரத்தில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் புதுப் பேட்டரி போட்டார், வயரைச் சொருகினார், டும் டும் என்று இரண்டு தட்டு தட்டினார்.

"ஓகே வாட். யூ ஃபர்கெட் டு புல் அவுட் லா. எவ்ரிபடி ஃபர்கெட்."

"அங்கிள், ஐ நெவர் ஃபர்கெட்!"

"எவ்ரிபடி சே லைக் தட்," என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எம்ஆர்டி ரயிலில் முதுகில் கிட்டாரோடு நின்றபடி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். "பேட்டரியே இல்லாத பேஸ் ஒண்ணு வாங்கிக்கோயேன், பிரச்சினை தீர்ந்தது," என்று வீட்டுக்காரர் அன்றைக்கு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு அந்த ஓசை வேண்டும். அதைவிட முக்கியம், நான் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு கிட்டாரை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் நான் மறதிக்காரிதான்.

வீட்டுக்குக் கீழே இருந்த ஹார்ட்வேர் கடையில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். கறுப்பு வயர் ஒன்று, சிவப்பு வயர் ஒன்று, நடுவில் சுற்றுகிற ஒரு குமிழ். காலேஜில் ஒரு தடவை தொட்டது. வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். புதுப் பேட்டரியை அளந்து பார்த்துவிட்டுச் சும்மா சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பல நாள் கழித்து அளந்தால் எண் அசையவே இல்லை. அதே பேட்டரியைக் கிட்டாருக்குள் போட்டு, வயரைச் சொருகாமலே பையில் வைத்தேன். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் எடுத்து அளந்தேன். கொஞ்சம் இறங்கியது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! பேட்டரி சாகிறது, நான் சமையலறையில் குதிக்கிறேன்.

"என்னடி, லாட்டரியா?" என்றார் வீட்டுக்காரர்.

"வயர் இல்லாமலே குடிக்குதுங்க! நான் மறக்கலை!"

"அப்ப யாரு சொருகினது?"

அதுதான் கேள்வி. பேட்டரிக்கும் கிட்டாருக்கும் நடுவில் மீட்டரை வைத்து, எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளந்தேன். வயரைச் சொருகாதபோது சுழியம்தான் காட்ட வேண்டும். காட்டவில்லை. சொருகியிருக்கும்போது போவதில் பாதிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போன மாதிரி.

முதுகு மூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். ஏதாவது ஒன்று உடைந்தால் என் கதை முடிந்தது. மூடியைத் தூக்கியதும் முகத்தில் அடித்தது வாசம். சந்தனம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிட்டாருக்குள் பிசின், தூசி, ஈயம் வாசம் வரலாம். சந்தன வாசம் எங்கிருந்து வரும்? டார்ச் அடித்துப் பார்த்தேன். வயர் வந்து சொருகும் ஜாக்குக்குள், ஒன்றையொன்று தொடவே கூடாத இரண்டு தகடுகளுக்கு நடுவில், மஞ்சளும் சிவப்புமாக ஒரு பசை அப்பிக் கிடந்தது. விரலால் தொட்டால் இன்னும் ஈரம். ஓரங்களில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. வயர் உள்ளே போனால்தான் அந்த இரண்டு தகடும் இணைந்து பேட்டரி ஓட ஆரம்பிக்கும். வயர் இல்லாதபோது அந்த வேலையைச் சந்தனம் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் பயம் வந்தது.

எங்கள் பயிற்சி வெள்ளிக்கிழமைதோறும். ஸ்டூடியோ என்று பெருமையாகச் சொல்வோம், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மசாலாக் கடைக்கு மேல்மாடி. எல்லோரும் வேலையிலிருந்து நேராக வருவோம். அண்ணன் கீழே பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு ஏறி வருவார். சாமி படத்துக்குப் பூ, ஊதுபத்தி. பிறகு பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணத்தோடு வாத்தியங்களிடம் வருவார். பொட்டு வைத்த பிறகுதான் யாரும் வாசிக்கலாம். எங்கே வைப்பது என்பதற்கு அவரிடம் ஒரு நியாயம் உண்டு: ஓசை எங்கிருந்து வெளியே வருகிறதோ அங்கே. புல்லாங்குழலுக்கு ஊதும் துளைக்குப் பக்கத்தில், கீபோர்டுக்கு ஸ்பீக்கர் ஓரத்தில். எங்கள் கிட்டார்களுக்கு நடுவில் துளை இல்லை, கெட்டி மரம். அண்ணன் யோசித்து, வயர் சொருகும் துளைதான் அவற்றுக்கு வாய் என்று தீர்மானித்துவிட்டார். அந்தத் துளையின் விளிம்பில் தாராளமாகச் சந்தனம், மேலே குங்குமம். கும்பிட்டுவிட்டு நாங்கள் வயரைச் சொருகுவோம். சொருகும்போது சந்தனமும் கூடவே உள்ளே போகும். வாராவாரம்.

லீட் கிட்டாருக்கும் அதே பொட்டுதான். ஆனால் அதில் பேட்டரி இல்லை, குடிப்பதற்கு ஒன்றும் இல்லை. மாட்டியது நான் மட்டும்.

எனக்கு அந்தப் பொட்டு பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் களைப்பெல்லாம் அந்த வாசத்தில் இறங்கிவிடும். அண்ணன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி என் கிட்டாருக்குப் பொட்டு வைக்கும்போது நானும் இந்தக் குழுவில் ஒருத்தி என்று தோன்றும். அதையே போய் அவரிடம் குற்றமாகச் சொல்ல வேண்டும். அதுவும் என்னைத் தூக்கிவிட்டுக் கீபோர்டை வைக்கப் போகிறவரிடம்!

பஞ்சுக்குச்சியும் மருந்துக்கடை ஆல்கஹாலும் வைத்து, அரை நாள் உட்கார்ந்து அந்த ஜாக்கைத் துடைத்தேன். கடைசியில் மீட்டரை வைத்தேன். சுழியம். வயரைச் சொருகினேன், ஓடியது. பிடுங்கினேன், சுழியம். நான் அழவில்லை, ஆனால் மூக்கை உறிஞ்சியது உண்மை.

தோ பாயோ கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, அண்ணன் கிண்ணத்தோடு என் கிட்டாரிடம் வந்தபோது நான் கையை வைத்து அந்தத் துளையை மூடிக்கொண்டேன்.

"என்னம்மா?"

"அண்ணே, இங்க வேணாம்ணே. பேட்டரி சாகுறதுக்கு இதுதான் காரணம்."

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்க விளக்க அவர் முகம் மாறியது.

"எத்தனை வருஷமா வைக்கிறேன் தெரியுமா? என் சந்தனத்தால ஒரு வாத்தியம் கெட்டுச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்லை."

"மத்ததுல பேட்டரி இல்லைண்ணே."

"அப்ப உள்ள இருந்த சந்தனத்தை என்ன பண்ணினே?"

"துடைச்சிட்டேன்."

"சாமிக்கு வச்சதைச் சுரண்டிப் போட்டுட்டியா?" அவர் குரல் உயர்ந்தது. "நீ வயரைப் பிடுங்க மறந்துட்டு, பழியைக் கொண்டுபோய் சாமி மேல போடுறியே!"

அந்த வார்த்தையில்தான் எனக்குக் கட்டு அறுந்தது. அதுவரை குனிந்து பேசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தேன்.

"அண்ணே, எனக்கு வயரு, மெஷினெல்லாம் வராதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. சிரிச்சாங்க, நானும் கேட்டுக்கிட்டேன். இப்ப எல்லார் முன்னாடியும் ஒரு நிமிஷம் பாருங்க. அதுக்கப்புறம் போன்னு சொல்லுங்க, போறேன்."

லீட் கிட்டார் வாசிப்பவரிடம் ஒரு உதிரி ஜாக் இருந்தது, வாங்கினேன். மீட்டரின் இரண்டு வயர்களையும் அதன் இரண்டு தகடுகளில் மாட்டினேன். இரண்டுக்கும் நடுவே தொடர்பே இல்லை என்று திரை காட்டியது. அண்ணனின் கிண்ணத்திலிருந்தே, "சாமி, மன்னிச்சுக்கோ," என்று சொல்லி ஒரு துளி சந்தனம் எடுத்துத் தகடுகளுக்கு நடுவில் வைத்தேன். திரையில் எண் துள்ளிக் குதித்தது. தம்பி "ஐயையோ!" என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்க் கீபோர்டுக்குப் பொட்டு வைத்தார். என் கிட்டாருக்கு வைக்கவே இல்லை.

எல்லா வாத்தியமும் பொட்டோடு இருக்க, என்னுடையது மட்டும் மொட்டை நெற்றியாக நின்றது. அது என்னை எவ்வளவு சுட்டது என்று சொல்ல முடியாது. நான் கேட்டது துளையை விடச் சொல்லித்தானே, கிட்டாரையே விட்டுவிடச் சொல்லியா?

பயிற்சி முடிந்ததும் அவர் அருகில் போனேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பேஸ் நான் வாசிக்கிறேன்."

"தம்பிக்கு எல்லாம் சொல்லியாச்சு."

"எனக்கு உடம்பு சரியில்லைண்ணே," என்று தம்பி குறுக்கே புகுந்தார். "அதாவது, இப்ப சரியாத்தான் இருக்கு, ஆனா ஞாயித்துக்கிழமை இடது கை வலிக்கும்னு தோணுது. இப்பவே லேசா வலிக்குது."

யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. அண்ணன் தம்பியின் இடது கையைப் பார்த்தார். "வாசி," என்றார். "நடுவுல நின்னுச்சுன்னா, அதோட சரி. என்கிட்ட மறுபடி வராதே."

சனிக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை பேட்டரி நின்றால் என் மறதி. இப்போது நின்றால் சாமி குற்றம். பொட்டைச் சுரண்டினாள், பொட்டில்லாமல் மேடை ஏறினாள், பாருங்கள் என்ன ஆயிற்று என்பார்கள். அறிவுக்குத் தெரிகிறது, பஞ்சும் ஆல்கஹாலும் வேலையைச் செய்துவிட்டன என்று. ஆனால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. புதுப் பேட்டரி போட்டேன். அளந்தேன். மறுபடி அளந்தேன். உதிரிப் பேட்டரி ஒன்றைக் கைப்பையில் போட்டேன், வீட்டுக்காரர் சட்டைப் பையிலும் ஒன்றைத் திணித்தேன்.

"நான் என்ன, பேட்டரிக் கடையா?" என்றார். ஆனால் வெளியே எடுக்கவில்லை.

தோ பாயோ சமூக மன்ற மண்டபத்தில் மதிய விருந்து. பிரியாணி வாசம் மேடைவரை வந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. முதல் பாட்டில் என் விரல்கள் விறைத்துப்போய், தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்தேன். இரண்டாவதில் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் காதைத் தீட்டிக் கேட்டேன், எங்காவது கரகரப்பு இருக்கிறதா என்று. சாப்பாட்டு இடைவேளைக்கு இறங்கும்போது குழுவே பார்க்கும்படி வயரைப் பிடுங்கினேன். "பிடுங்கியாச்சு!" என்றேன், கொஞ்சம் அதிகச் சத்தமாகவே. விருந்தாளி ஒருவர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளைக்குப் பிறகு கூட்டம் ஆட ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையின் நண்பர்கள் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு குத்துப்பாட்டில் நான் வால்யூமைக் கூட்டினேன், ஓசை மேடைப் பலகைக்குள் இறங்கிக் காலில் ஏறியது. பயம் எந்தப் பாட்டில் என்னைவிட்டுப் போனது என்று எனக்குத் தெரியாது. கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் வந்தபோது, வாசித்தோம், நிற்கவில்லை, இது மட்டும்தான் தெரிந்தது. தம்பி கீபோர்டுக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேனில் ஏற்றும்போதுகூட நான் எப்படி வாசித்தேன் என்று சொல்லவில்லை. நல்லது, கெட்டது எதுவுமே இல்லை.

அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். நான் குழுவில் இருக்கிறேனா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு மானம் தடுத்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் போகலாமா வேண்டாமா என்று பூகிஸ் நிலையத்தில் ரயில் மாறும் இடத்தில் நின்று யோசித்தேன். அப்புறம், என்னை வராதே என்று அவர் வாயால் சொல்லட்டும், நானாகப் போக மாட்டேன் என்று ஏறிவிட்டேன்.

எனக்கு முன்னாலேயே எல்லோரும் வந்திருந்தார்கள். சாமி படத்துக்குப் பூ வைத்தாகிவிட்டது. நான் மூலையில் என் கிட்டாரைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டேன், வயரைக் கையில் சுருட்டி வைத்தபடி நின்றேன். அண்ணன் கிண்ணத்தோடு புல்லாங்குழலிடம் போனார். கீபோர்டிடம் போனார். லீட் கிட்டாரிடம் போனார். துளையை விட்டுவிட்டு, அதன் தலைப்பக்கத்தில் பொட்டு வைத்தார்.

பிறகு என் முன்னால் வந்து நின்றார். விரலில் சந்தனம். கை பாதி வழியில் நின்றது. அந்த அறையில் அந்த மனுஷன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, யார் எங்கே நிற்க வேண்டும், எல்லாம் அவர் சொல்வார், நாங்கள் கேட்போம்.

"எங்கம்மா வைக்கட்டும்?" என்றார். "நீயே சொல்லு. உனக்குத்தான் தெரியும்."

கிட்டாரின் தலையைக் காட்டினேன். அவர் குனிந்து, எப்போதும்போல ஏதோ முணுமுணுத்து, அங்கே சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு வேன்கிட்ட நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம். ரெண்டுக்கும் பேஸ் இவதான்," என்று தம்பியிடம் சொன்னார்.

கண்ணை நீர் மறைத்ததால் துளை எங்கே என்று தெரியவில்லை. தடவித்தான் வயரைச் சொருகினேன்.